ரப்பர் காட்டில் ஓரியன்டீரிங்: கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரிய போட்டிக்கு நிலம் பார்த்துக் கோர்ஸ் அமைக்க முழுமையான வழிகாட்டி

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரப்பர் தோட்டம் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வரிசையாக மரம், மரத்துக்கு ஒரு சிரட்டை, கீழே சருகு. 'திறந்த காடு, கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது, சுலபம்' என்று கோர்ஸ் அமைக்க வருகிறவர் முடிவுகட்டிவிடுவார். இறங்கி நடந்தால் கதை வேறு. சரிவு முழுக்கத் தட்டுத் தட்டாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தட்டிலும் பால் வெட்டுகிறவர் தினமும் நடந்து ஒரு தடம் விழுந்திருக்கும். அந்தத் தடங்களில் ஒன்றுகூட வரைபடத்தில் இருக்காது. ஆனால் ஓட்டக்காரரின் கால் அதைக் கண்டுபிடித்துவிடும். அதில் ஏறிவிட்டால் தண்டவாளத்தில் போவதுபோல, யோசிக்காமலே அடுத்த கன்ட்ரோல் வரை போய்விடலாம். இங்கே கோர்ஸ் அமைப்பது என்பது பெரும்பாலும் அந்தத் தட்டுகளோடு மல்லுக்கட்டுவதுதான்.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. கையில் வரைபடமும் காம்பஸும் கொடுப்பார்கள். காட்டில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த முப்பட்டைக் கொடிகள் (ஒவ்வொரு முகமும் 30 செ.மீ.க்கு 30 செ.மீ.) தொங்கும். அவையே கன்ட்ரோல்கள், அவற்றின் வரிசைதான் கோர்ஸ். வரிசை தவறாமல் எல்லாவற்றையும் தொட்டு, குறைந்த நேரத்தில் முடிப்பவர் வென்றவர். ஒரு கன்ட்ரோலுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள பகுதி லெக். எந்த வழியாகப் போவது என்பது ஓட்டக்காரர் பாடு. சின்னப் போட்டிகளை நடத்திப் பழகி, இப்போது 150 முதல் 300 பேர் வரும் மாநில அல்லது தேசிய அளவிலான போட்டிக்குக் கோர்ஸ் அமைக்கப் போகிறவர்களுக்கானது இந்த வழிகாட்டி.

முதல் படி: எந்த நிலம்?

மாவட்டத்தில் மூன்று வகை நிலம் கண்ணில் படும். கிழக்கே ஆரல்வாய்மொழி, மருந்துவாழ்மலைப் பக்கம் பாறையும் முள்ளுமாக வறண்ட சரிவு. மேற்கிலும் வடமேற்கிலும் கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு வட்டங்களில் ரப்பர். அதற்கும் மேலே மலைக்காடு.

மலைக்காட்டை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே நுழைய அனுமதி தரும் காரணங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை. 200 பேர் ஓடுவது அதில் சேராது. அனுமதி கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும் யானை நடமாடும் இடத்தில் ஆளைத் தனியாக ஓடவிடுவது முறையல்ல. முள்சரிவில் பாறை நுணுக்கம் அருமையாக இருக்கும். ஆனால் உடைமுள் தைக்கும், நிழல் கிடையாது, காலை ஒன்பதரைக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மிச்சம் ரப்பர். இதில் இரண்டு வகை. அரசு ரப்பர் கழகத்தின் கீரிப்பாறை, சிற்றாறு, மணலோடை, கோதையாறு போன்ற தோட்டங்கள் ஒரே கையில் பெரிய பரப்பு. கழகத்திடமும் வனத்துறையிடமும் பேசினால் போதும். ஆனால் காட்டை ஒட்டியவை, ஆகவே யானை வரும் பகுதி எது என்று கேட்டு, அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் எல்லை வகுக்க வேண்டும். தனியார் தோட்டங்கள் ஊரை ஒட்டியவை, பாதுகாப்பானவை. ஆனால் இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் நூறு உரிமையாளர்கூட இருப்பார்கள், அதில் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேச மூன்று மாதம் ஒதுக்குங்கள். காணிக்காரர் (மலைவாழ் பழங்குடியினர்) குடியிருப்பு பக்கத்தில் இருந்தால் அவர்களின் தலைவரான மூட்டுக்காணியிடம் நேரில் போய்ச் சொல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். சுடுகாடும் சாமி இருக்கும் இடமும் எதுவென்று அவரே காட்டித் தருவார். அவற்றைச் சுற்றி நுழையக்கூடாத பகுதி என்று வரைபடத்தில் குறித்துவிடலாம்.

மிடில் (நடுத்தரத் தூர) போட்டிக்கு 2 முதல் 3 சதுர கிலோமீட்டர், லாங் (நெடுந்தூர) போட்டிக்கு 5 முதல் 8 வரை வேண்டும். இடத்தை முடிவு செய்ததும் அதை மூடப்பட்ட பகுதி என்று அறிவியுங்கள். அறிவித்த பிறகு கலந்துகொள்ளும் யாரும் பயிற்சி என்றோ சுற்றுலா என்றோ அங்கே போகக்கூடாது.

இரண்டாம் படி: தேதி

தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூன் முதல் டிசம்பர் பாதி வரை அட்டையும் வழுக்கலும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு கோடை மழை. கையில் மிஞ்சுவது ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரையிலான காலம்.

அந்தக் காலத்துக்குள்ளும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் டிசம்பர் கடைசியில் இலை உதிர்க்கத் தொடங்கி, பிப்ரவரியில் தளிர்க்கும். இலை உதிர்ந்த காட்டில் 80 மீட்டர் தூரத்திலிருந்தே கொடி தெரியும். தளிர்த்து இலை முற்றிவிட்டால் அதில் பாதிதான். இலை இல்லாத நேரம் பார்ப்பவர்களுக்கு அழகு, கோர்ஸ் அமைப்பாளருக்குத் தலைவலி. ஒரு கன்ட்ரோலை நெருங்கும்போதே அடுத்ததும் தெரிந்துவிட்டால் வரைபடம் எதற்கு? தளிர்க்கத் தொடங்கிய பிறகு, பால் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு விடும் சில வாரங்கள்தான் மிகச் சரியான நேரம். அப்போது சிரட்டையில் பால் இருக்காது. வெட்டு நடக்கும் நாளில் போட்டி வைத்தால், விடிவதற்கு முன்பே நெற்றிவிளக்கோடு வந்து வெட்டிவிட்டுப் போனவரின் பாலை உங்கள் ஓட்டக்காரர் தோளால் இடித்துக் கொட்டிவிடுவார். நூறு சிரட்டை கவிழ்ந்தால் அது ஒருவருடைய அன்றையக் கூலி. அடுத்த வருடம் அந்தத் தோட்டத்தில் கால் வைக்க முடியாது.

கோதையாறு பாசனக் கால்வாய்களில் வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி இறுதி வரை தண்ணீர் விடுவார்கள். ஊரில் சானல் என்பார்கள். நிறைந்து ஓடும் சானல், கடக்க முடியாத நீர். பிப்ரவரியில் போட்டி என்றால் பாலங்கள்தான் வழி. மார்ச்சில் என்றால் அதே சானல் வெறும் பள்ளம். இரண்டுக்கும் வரைபடமும் வேறு, கோர்ஸும் வேறு. தேதி தள்ளிப்போனால் இதை முதலில் திருத்துங்கள்.

மூன்றாம் படி: வரைபடம்

காட்டு ஓரியன்டீரிங் வரைபடத்துக்குச் சர்வதேச ஓரியன்டீரிங் கூட்டமைப்பின் ஐ.எஸ்.ஓ.எம். 2017 விதிமுறைதான் அளவுகோல். அடிப்படை அளவு 1:15,000. அதைப் பெரிதாக்கி 1:10,000 ஆக அச்சிடலாம். கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளி 5 மீட்டர். ரப்பர் சரிவுக்கு 1:10,000தான் கண்ணுக்கு நல்லது.

இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை அப்படியே கான்டூர் ஆக்கிவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று அளந்த தரவு அது; அதிலும் பல இடத்தில் அளந்தது தரையை அல்ல, மரத்தின் தலையை. பழைய மரத்தை வெட்டிப் புதிதாக நட்ட பிளாக்கும் நிற்கும் பிளாக்கும் சேரும் இடத்தில், கணினியில் பதினைந்து மீட்டர் செங்குத்துச் சரிவு ஒன்று முளைக்கும். போய்ப் பார்த்தால் சமதரையாக இருக்கும். ட்ரோன் படம் எடுப்பதென்றால் இலை உதிர்ந்த மூன்று நான்கு வாரத்துக்குள் எடுங்கள். தரை தெரிவது அப்போது மட்டும்தான். அதாவது பிப்ரவரிப் போட்டிக்கான படத்தை முந்தைய வருடம் ஜனவரியிலேயே எடுத்திருக்க வேண்டும். ட்ரோன் விதிகளின்படி அந்த வான்பகுதிக்கு அனுமதி உண்டா என்று டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கள வேலைக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்கு 30 மணி நேரமாவது ஆகும். வரையும் மென்பொருள்களில் ஓப்பன் ஓரியன்டீரிங் மேப்பர் இலவசம். ஓகேட் காசு கொடுத்து வாங்க வேண்டும். கோர்ஸைப் பதிக்கப் பர்ப்பிள் பென் போதும்.

இனி தட்டுகள். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே ஏறக்குறைய 6 மீட்டர் என்றால் 1:10,000 வரைபடத்தில் அது 0.6 மில்லிமீட்டர். எல்லாத் தட்டையும் வரைந்தால் தாள் முழுக்கப் பழுப்பாகி, கான்டூரே தெரியாமல் போகும். ஒன்றைக்கூட வரையாமல் விட்டால் ஓட்டக்காரர் ஏமாறுவார். விதிமுறையிலேயே இதற்கு வழி இருக்கிறது: ஒரு திசையில் மட்டும் நன்றாக ஓடக்கூடிய இடத்துக்குப் பச்சை நிறத்தில் வெள்ளைப் பட்டைகள் விடலாம். பட்டைகள் தட்டு போகும் திசையில் இருக்கட்டும். பட்டையோடு போனால் வேகம், குறுக்கே ஏறினால் மெதுவு என்று ஒரு பார்வையிலேயே புரியும். ஆளுயரம் வெட்டி நிறுத்திய பெரிய மண்சரிவுகளை மட்டும் தனியாகக் காட்டுங்கள்.

செடிகொடி விஷயத்தில் தாராளம் காட்டாதீர்கள்: வெள்ளை என்றால் தடையில்லாமல் ஓடலாம், பச்சை அடர அடர வேகம் குறையும். நட்டு ஒன்றிரண்டு வருடமான ரப்பருக்கு இடையே அன்னாசி போட்டிருப்பார்கள். அதன் மடல் முழங்காலைக் கிழிக்கும். அங்கே ஓட்ட வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆகவே அடர்பச்சை, பேச்சே இல்லை. மூடுபயிராகக் கொடி படர விட்ட பிளாக்கில் கால் சிக்கும், நடக்கத்தான் முடியும். அது நடுத்தரப் பச்சை. முதிர்ந்த ரப்பரில் அடிக்காடு செதுக்கியிருந்தால் வெள்ளை. ஆனால் 'செதுக்கியிருந்தால்' என்பது தேதியைப் பொறுத்தது. கடைசித் திருத்தத்தைப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு செய்யுங்கள். ரப்பர் 25, 30 வருடத்துக்கு ஒருமுறை வெட்டி நடப்படும் பயிர். நேற்று வெள்ளையாக இருந்த பிளாக் நாளைக்கு மரக்கட்டை அடுக்கிய வெட்டவெளி. எந்தப் பிளாக்கை எப்போது வெட்டப் போகிறார்கள் என்று தோட்ட மேற்பார்வையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை: காம்பஸ்

வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த காம்பஸ் இங்கே அடிக்கடி ஒட்டிக்கொள்ளும். காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் அதுவே காரணம். ஐரோப்பாவில் காந்தப்புலம் முள்ளின் வடமுனையைக் கீழே இழுக்கும் என்பதால், அதைச் சமன்செய்யத் தென்முனையைக் கொஞ்சம் கனமாக்கி விற்கிறார்கள். இங்கே அந்த இழுப்பே இல்லை. ஆகவே தென்முனை தாழ்ந்து அடித்தட்டில் உரசி நிற்கும். ஓடுகிறவர் 'முள் சுற்றவே இல்லை' என்று புலம்புவார். வாங்கும்போது எம்.இ. என்று குறித்த நிலநடுக்கோட்டு வகையையோ, உலகம் முழுதுக்கும் பொருந்தும் முள் உள்ளதையோ கேளுங்கள். அறிவிப்புத் தாளில் இதை ஒரு வரி எழுதிவிட்டால் வெளிமாநிலக்காரர்கள் வாழ்த்துவார்கள். வரைபடத்தின் வடக்குக் கோடுகள் காந்த வடக்கைக் காட்டுவதால் திருத்தம் எதுவும் ஓட்டக்காரர் செய்ய வேண்டியதில்லை.

நான்காம் படி: முதலில் லெக், பிறகுதான் கன்ட்ரோல்

புதியவர்கள் வரைபடத்தை விரித்ததும் 'இந்தப் பாறை நன்றாக இருக்கிறது, அந்த ஓடைச் சந்திப்பு நன்றாக இருக்கிறது' என்று புள்ளி வைத்துப் பின்னால் கோடு இழுப்பார்கள். அப்படிப் பிறக்கும் கோர்ஸில் கன்ட்ரோல்கள் அழகாகவும் லெக்குகள் செத்தும் இருக்கும். எந்தச் சரிவில் எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே அதன் இரண்டு முனையிலும் கன்ட்ரோல் வைக்க வேண்டும்.

ஒரு கற்பனை லெக்கை எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது கன்ட்ரோல் ஒரு மலைமூக்கில். ஆறாவது, நடுவில் இரண்டு ஓடைப்பள்ளம் தாண்டி, ஏறக்குறைய அதே உயரத்தில் உள்ள பாறை. நேர்தூரம் 740 மீட்டர். வழி மூன்று. நேராகப் போனால் பள்ளங்களில் இறங்கி ஏற, மொத்த ஏற்றம் 45 மீட்டர். கீழே கூப்பு ரோட்டுக்கு (மரம் ஏற்றும் தோட்டச் சாலை) இறங்கிச் சுற்றினால் 1,050 மீட்டர், ஏற்றம் 25. தட்டைப் பிடித்து வளைந்து போனால் 950 மீட்டர், ஏற்றம் பத்தே பத்து.

ஒரு மீட்டர் ஏற்றம் பத்து மீட்டர் சமதரை ஓட்டத்துக்குச் சமம் என்பது எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. காட்டுக்குள் கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம், தட்டுத் தடத்தில் ஆறு, ரோட்டில் ஐந்து என்று வைத்துப் பாருங்கள். நேர்வழி 1,190 மீட்டருக்குச் சமம்: 7.7 நிமிடம். ரோடு 1,300: 6.5 நிமிடம். தட்டு 1,050: 6.3 நிமிடம். தட்டுதான் வேகம், தட்டுதான் சுலபம், தட்டுதான் கொண்டுபோய் அந்தப் பாறையிலேயே விடுகிறது. கான்டூர் படிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசமே இல்லை.

இப்போது ஆறாவதை மட்டும் அதே சரிவில் 35 மீட்டர் மேலே ஏற்றி, ஓடைப்பள்ளத்தின் தலைப்புக்கு மாற்றுங்கள். நேர்வழி 760 மீட்டர், ஏற்றம் 60: 8.8 நிமிடம். தட்டு 970, ஏற்றம் 45: 8.5. ரோடு 1,100, ஏற்றம் 60: அதுவும் 8.5. மூன்றும் இருபது வினாடிக்குள் வந்துவிட்டன. இனி யார் நன்றாகச் செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது விஷயம். தட்டில் போகிறவர் எந்த இடத்தில் தட்டை விட்டு மேலே ஏறுவது என்று முடிவெடுத்தாக வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஒரே மாதிரி இருப்பதால், ஒரு தட்டு பிசகினாலும் ஓடைப்பள்ளத்தின் தலைப்பு கண்ணில் படாது. ரோட்டில் போகிறவருக்குக் கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். நேராகப் போகிறவர் காம்பஸை நம்ப வேண்டும்.

இதுதான் இங்கே பொது விதி: லெக்கின் இரு முனையும் ஒரே தட்டு மட்டத்தில் இருக்கக்கூடாது. தட்டுக்குக் குறுக்காகவோ சாய்வாகவோ வெட்டட்டும். லாங் போட்டியில் ஒரு பெரிய லெக், ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் குறையாமல், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து வையுங்கள். அதைத் தொடர்ந்து மூன்று நான்கு குட்டை லெக்குகள் திசை மாறி மாறி வரட்டும். வேகமாக ஓடிப் பழகிய மனம் மெதுவாகப் படிக்கத் தடுமாறும் இடம் அது. வந்த வழியே திரும்பிப் போகும்படியான கூர்கோணத்தில் கன்ட்ரோல் வைக்காதீர்கள். திரும்பி வருகிறவரே எதிரில் வருகிறவருக்கு வழிகாட்டி ஆகிவிடுவார். கோணத்தை உடைக்க வேறு வழி இல்லையென்றால், நடுவே ஒரு சின்ன இணைப்பு லெக் போடலாம். அது கேள்வி கேட்காத லெக்காக இருந்தாலும் பரவாயில்லை.

ஐந்தாம் படி: கன்ட்ரோல் இடம்

வரைபடத்தில் உள்ள பொருளில்தான் கன்ட்ரோல் இருக்க வேண்டும், அதுவும் கொடி இல்லாமலே கண்டுபிடிக்கக்கூடிய பொருளில். ரப்பரில் எடுபடுபவை: ஓடைச் சந்திப்பு, ஓடைப்பள்ளத்தின் தலைப்பு, ஒரு மீட்டருக்கு மேல் உயரமான தனிப்பாறை, கையாலையின் (எல்லைச் சுவர்) மூலை, ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைப்புரையின் இடிபாடு, பொற்றையின் (சிறு குன்று) உச்சி. எடுபடாதவை: தட்டின் முனை, 'மரங்களுக்கு இடையே', பிளாக் எல்லையில் குத்துமதிப்பான ஒரு புள்ளி. இவற்றைக் கண்டுபிடிப்பது திறமை அல்ல, லாட்டரி.

கொடியை ஒளிக்காதீர்கள். பொருளின் அருகே வந்தவருக்குக் கொடி தெரிய வேண்டும்; தூரத்திலிருந்து தெரியக்கூடாது. இலை உதிர்ந்த காட்டில் இது கஷ்டம். பாறையின் மேற்சரிவுப் பக்கம், ஓடைப்பள்ளத்தின் வளைவுக்கு உள்ளே, கையாலையின் மறுபக்கம் என்று, ஓட்டக்காரர் வரும் திசையை நினைத்து வைத்தால் அதுவே இயல்பாக மறைந்துகொள்ளும். இன்னொரு சிக்கலும் நிலத்திலேயே இருக்கிறது: உதிரும் ரப்பர் இலை செம்மஞ்சள் நிறம், கொடியும் ஆரஞ்சு. சருகின் மேல் படும்படி தொங்கவிட்ட கொடி பத்து மீட்டரில்கூடத் தவறிவிடும். அது அநியாயம். இடுப்புயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள்.

இரண்டு கன்ட்ரோல்களுக்கு இடையே 30 மீட்டராவது இருக்க வேண்டும். இரண்டும் பாறை, இரண்டும் ஓடை என்று ஒரே வகையாக இருந்தால் 60 மீட்டர். எண்கள் 31இலிருந்து தொடங்கும். 66, 68, 86, 89, 98, 99 வேண்டாம். தலைகீழாகப் பார்த்தால் குழப்பும்.

இடத்தை முடிவு செய்ததும் ஒரு சின்ன ஆணியும் எண்ணிட்ட துணித்துண்டும் தரையோடு பதித்து வையுங்கள். பளிச்சென்ற ரிப்பன் கட்டினால் பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள் அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். போட்டியின் மேற்பார்வையாளர் (கோர்ஸைச் சரிபார்ப்பவர்) அமைப்பாளரோடு சேர்ந்து போகாமல், வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகப் போய் அந்த ஆணியைக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் பிழை மேற்பார்வையாளர் பக்கம் இல்லை. மரத்தடியில் ஜி.பி.எஸ். ஐந்து பத்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். ஒரு தட்டு மாறிப்போக அதுவே போதும். ஆகவே போன் சொல்வதை வைத்துக் கொடி கட்டாதீர்கள்.

ஆறாம் படி: நீளம், ஏற்றம், நேரம்

நீளத்தைக் கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் நேர்கோட்டில் அளக்க வேண்டும். சானல், நுழையக்கூடாத பகுதி போன்ற தடைகளில் மட்டும் வளையலாம். ஏற்றத்தை நியாயமான வழியில் ஏறும் மீட்டர்களை மட்டும் கூட்டிக் கணக்கிடுங்கள். மொத்த ஏற்றம், நியாயமான மிகக் குறுகிய வழியின் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மலைச்சரிவு நிலத்தில் இது எளிதல்ல. மேலே சொன்ன லெக் ஒன்றிலேயே அந்த விகிதம் தாண்டுகிறது. ஈடுகட்ட, தொடக்கத்தை உயரத்திலும் முடிவைத் தாழ்விலும் வையுங்கள்.

வென்றவரின் நேரம் மிடில் போட்டியில் 30 முதல் 35 நிமிடம், லாங் போட்டியில் ஆண்களுக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி. கணக்கு இப்படி: 4.2 கி.மீ. கோர்ஸ், 165 மீட்டர் ஏற்றம் என்றால் 4.2 உடன் 1.65 சேர்த்து 5.85. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் ஓடுகிறவர் 35 நிமிடத்தில் முடிப்பார். அந்த 'ஆறு' எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. வடக்கே ஊசியிலைக் காட்டில் ஓடிய வேகத்தை இங்கே கொண்டுவராதீர்கள். போட்டியில் கலந்துகொள்ளாத நல்ல ஓட்டக்காரர் ஒருவரை அதே மாதத்தில், அதே காலை வேளையில், பக்கத்துத் தோட்டத்தில் ஓடவிட்டு நேரம் எடுங்கள். ஈரக்காற்றில் பத்து சதவீதம் கூடுதலாக வந்தால் ஆச்சரியமில்லை.

தண்ணீர்: சர்வதேச விதிப்படி வென்றவர் வேகத்தில் 25 நிமிடத்துக்கு ஒருமுறை. நம் புழுக்கத்துக்கு 15, 20 நிமிடத்துக்கு ஒன்று வையுங்கள். கடைசியாக ஓடுகிறவருக்கு அது 40 நிமிடம் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஏழாம் படி: ஆபத்துகளை நடந்து பார்த்தல்

சரிவுகளில் மழைநீர் இறங்க ரப்பர் வரிசைகளுக்கு நடுவே குழி தோண்டியிருப்பார்கள். ஏறக்குறைய நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியும். சருகு உதிர்ந்த பிறகு வாய்வரை நிரம்பி, தரையோடு தரையாகக் கிடக்கும். முழு வேகத்தில் இறங்குகிறவரின் காலை முறிக்க இது போதும். குழி அடர்த்தியான பிளாக்குகளில் இறக்கமான லெக் வேண்டாம். முடியாதென்றால் கன்ட்ரோலைச் சுற்றி முப்பது மீட்டருக்குச் சருகை வாரிவிடச் சொல்லுங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு, கைவிட்ட கல்குவாரி விளிம்பு ஆகியவற்றைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, வரைபடத்திலும் காட்டுங்கள்; குவாரி விளிம்பைக் கடக்க முடியாத பாறைச்சரிவாக. நாடா கட்டியாயிற்றே என்று அதன் வழியாக லெக் கோடு இழுக்காதீர்கள். காட்டை ஒட்டிய தோட்ட எல்லையில் சூரிய மின்வேலி இருக்கும். பன்றிக்குப் பயந்து சட்டவிரோதமாக நேரடி மின்கம்பி இழுப்பவர்களும் உண்டு. போட்டிக்கு முந்தைய மாலை எல்லை முழுவதையும் ஒருவர் நடந்தே பார்க்க வேண்டும். கதண்டுக் (பெரிய குளவி) கூடு இருந்தால் அந்தக் கன்ட்ரோலை மாற்றுங்கள், கூட்டைக் கலைக்கப் போக வேண்டாம்.

பாம்பு பற்றி: நம்மூர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும் மூக்குயர்ந்த குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. ஆகவே கடிபட்டவரை அருகிலுள்ள சின்ன மருத்துவமனையில் வைத்துப் பார்க்காமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகும் ஏற்பாடு வேண்டும். அங்கே போட்டித் தேதியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 108 வண்டி எந்தத் தோட்டச் சாலை வரை வர முடியும் என்று அதே அகலமுள்ள வண்டியை ஓட்டிப் பாருங்கள். முழங்கால் வரை மூடும் காலுறையைக் கட்டாயமாக்குவது நல்லது.

பல இடத்தில் போன் சிக்னல் கிடையாது. ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். தொலைந்தவருக்கு ஒரே வரியில் சொல்ல ஒரு திசை வேண்டும்: 'தெற்கே இறங்கு, தார்ரோடு வரும்' என்பதுபோல. அப்படி ஒரு வரி சொல்ல முடியாத நிலமென்றால் எல்லையை மாற்றுங்கள்.

எட்டாம் படி: அச்சும் போட்டி நாளும்

கோர்ஸ் ஊதா நிறத்தில்: தொடக்கத்துக்கு முக்கோணம், கன்ட்ரோலுக்கு வட்டம், முடிவுக்கு இரட்டை வட்டம். 1:10,000 வரைபடத்தில் வட்டத்தின் விட்டம் 7.5 மி.மீ. வட்டமோ கோடோ முக்கியமான பாறையையோ ஓடையையோ மறைத்தால் அந்த இடத்தில் வெட்டிவிடுங்கள். முதலில் நான்கைந்து தாள் மட்டும் அச்சிட்டு வெயிலில் பாருங்கள். நாகர்கோவில் அச்சகத்தில் திரையில் அருமையாகத் தெரிந்த பழுப்புக் கான்டூர், நடுத்தரப் பச்சையின் மேல் காணாமல் போவது வாடிக்கை. தாள் நனையாத வகையாக இருக்கட்டும். வியர்வையே மழைக்குச் சமம்.

காட்டுக்குள் கொடியையும், ஓட்டக்காரர் வந்ததை அவர் அட்டையில் பதியும் மின்னணு நிலையத்தையும் விடியலில்தான் வைக்க வேண்டும், இரவே வைத்தால் எண்ணிக்கை குறையும். ஒருவருக்கு எட்டுப் பத்துக் கன்ட்ரோல், போகும் வழி வரிசையாக எழுதிக் கொடுத்து. பிப்ரவரியில் நன்றாக வெளுக்க ஆறே முக்கால் ஆகும். ஆகவே கொடி வைக்கும் குழு ஆறரைக்கு உள்ளே, கடைசிக் கொடியைச் சரிபார்த்தவர் எட்டு மணிக்கு வெளியே, முதல் ஓட்டக்காரர் எட்டேகாலுக்கு. சரிபார்க்கிறவர் ஒவ்வொரு நிலையத்திலும் தன் அட்டையை வைத்து, எண்ணும் ஒளியும் சரியா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். மிடில் போட்டிக்கு இரண்டு நிமிட இடைவெளியில் விட்டால், ஒரு கோர்ஸில் 40 பேர் கிளம்ப 80 நிமிடம் ஆகும். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டுமென்றால் பிரிவுகளைக் கூட்டுங்கள், இடைவெளியைக் குறைக்காதீர்கள்.

முடிவிடத்துக்குப் பால் எடை போடும் ஷெட் முற்றமோ ஊர்ப் பள்ளி மைதானமோ போதும். கிளம்பியவர் பட்டியலையும் வந்தவர் பட்டியலையும் இரண்டு பேர் தனித்தனியாக வைத்து, கோர்ஸ் மூடும் நேரத்தில் ஒப்பிடுங்கள். ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தியவரும் முடிவிடம் வந்து அட்டையைக் காட்டியே தீர வேண்டும். எண்ணிக்கை ஒத்த பிறகுதான் கொடி எடுக்கும் குழு உள்ளே போகும். எடுக்கும்போது நாடாவோடு அந்தத் தரையாணிகளையும் பிடுங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மறுவாரம் பால் வெட்டத் திரும்புகிறவர்களில் பாதிப் பேர் செருப்புக்கூட இல்லாமல்தான் தட்டேறுவார்கள்.